குவாரிக்கு நாலு வாக்கி டாக்கி

ஜூன் 3, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடித்தாலும் வலிக்கிறது. கைவிட்ட கல்குவாரியில் நாய்களுக்குத் தேடல் பயிற்சி கொடுக்கிறோம். இடிபாடுகளில் சிக்கியவர்களை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும் நாய்கள். அங்கே செல்போன் எடுக்காது. மேட்டிலிருந்து முதலாளி கத்துவார், பள்ளத்திலிருந்து நான் கத்துவேன், புல்லட் தேடுவதை விட்டுவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். புல்லட் என்று பெயர் வைத்தவரும் முதலாளிதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்துவிடுகிற நாய்க்கு.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் கர்னல். பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. மீசை மட்டும் போய்விட்டு வந்திருக்கும் போல. "வாக்கி டாக்கி வாங்கிடலாம். நீதானே படிச்சவ, எது நல்லதுன்னு பாத்து எழுதிக் குடு" என்றார். ஏழு மாதத்தில் என்னிடம் முதல் தடவையாக ஒரு அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

கடைக்காரர் சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினார். "முப்பது கிலோமீட்டர் போகும்மா."

"எங்க போகும்?"

"பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க."

ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றதோடு தெருவில் நடந்தேன். மூன்றாவது திருப்பத்தில் செத்துவிட்டது. திரும்பி வந்து சொன்னால், "நடுவுல இவ்வளவு கட்டடம் இருக்குல்ல?" என்கிறார்.

"எங்க இடத்துல நடுவுல பாறை இருக்கு."

"அப்ப நேருக்கு நேரா நின்னு பேசுங்க."

நேருக்கு நேர் நின்றால் எதற்கையா இந்தக் கருவி? கடைசியில் இரண்டு வகையை இரண்டு நாள் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். பெட்டியில் போட்டிருப்பதை நம்புகிறவர்.

ஜூன் 7, சனி

சிறியது இடுப்பில் இருப்பதே தெரியவில்லை; ஆனால் பாறைக்குப் பின்னால் போனால் வெறும் கரகரப்பு. பெரியது செங்கல் கனம். பள்ளத்தின் அடியிலிருந்தும் பேசுகிறது. பட்டனை அழுத்தியதும் பேசக் கூடாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல்லை விழுங்கிவிடும். பேசி முடித்ததும் 'பீப்' என்கிறது. அந்தச் சத்தத்துக்குப் புல்லட் உடனே தலையைத் திருப்பிற்று. பீப்பை அணைக்க முடிய வேண்டும், கையுறையோடு அழுத்த முடிய வேண்டும், நனைந்தாலும் சாகக் கூடாது — இதையெல்லாம் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஜூன் 9, திங்கள்

ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். எந்த மாடல், ஏன், எத்தனை. யார் யார் பேச வேண்டும் என்று தனிக் கட்டம் போட்டேன்: கர்னல், மூத்த பயிற்சியாளர், நான், டிரைவர். நாலு. கர்னல் படித்துவிட்டு மீசையைத் தடவினார். அது பாராட்டு.

மத்தியானம் எங்களோடு வேலை செய்யும் அக்கா கேட்டார். அக்காவின் வேலை ஒளிவது. சிமெண்டுக் குழாயிலோ கல் இடுக்கிலோ படுத்துக் கிடப்பார். நாய் கண்டுபிடித்துக் குரைத்ததும் கையிலுள்ள பந்தைப் பரிசாகப் போடுவார். நாய் வரும்வரை அவர் வெளியே வரக் கூடாது. வந்தால் நாய் தேடக் கற்றுக்கொள்ளாது. அது சட்டம்.

"அதுல எனக்கொண்ணு உண்டா?"

"உங்க கையில சத்தம் போடற சாமான் இருந்தா, நாய் மோப்பத்தை விட்டுட்டு சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்துடும்க்கா."

"அதுவும் சரிதான். எனக்கென்ன, படுத்துக்கிட்டே சம்பளம் வாங்கற மகராசி" என்று சிரித்தார்.

நான் சொன்னது உண்மைதான்.

ஜூன் 12, வியாழன்

வந்துவிட்டன. நாள் முழுக்க யாரும் கத்தவில்லை. புல்லட்கூட மூன்று தடவைதான் உட்கார்ந்தது.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மூன்று மணிக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி. "நிறுத்துங்க, எல்லாரும் வண்டிக்கு" — கர்னல் குரல். மூத்தவர் சரி என்றார், நான் சரி என்றேன், டிரைவர் சரி என்றார். ஐந்து நிமிடத்தில் நாய்களோடு வண்டியில் இருந்தோம். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கர்னல் கேட்டார். "வந்தாச்சு சார்" — சொன்னது நான். நான்தான்.

திரும்பி வந்து நாய்க் கொட்டகையில் புல்லட்டைத் துடைத்துவிட்டு, கயிறு கோத்த பந்தை ஆணியில் மாட்டத் தேடினேன். பந்து எங்கே? பந்து அக்காவிடம். அக்கா எங்கே?

டிரைவர் அண்ணனும் நானும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினோம். குவாரியில பெய்யற மழையெல்லாம் பள்ளத்துக்குத்தானே வரும். குழாய்க்குள்ள அக்கா குந்திக்கிட்டிருக்காங்க, இடுப்பளவு தண்ணியில, ரெண்டு கையாலயும் பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. உதடு நீலம். ஒரு மணி நேரத்துக்கு மேல!

"ஏங்க்கா வெளிய வரல?"

"நாய் வரலியே. வெளிய வந்தா நாய் கெட்டுடும்னு நீங்கல்லாம்தானே சொன்னீங்க."

ஜூன் 17, செவ்வாய்

அக்காவுக்குக் காய்ச்சல். கர்னல் சொல்கிறார்: "தண்ணி ஏறுது, எந்திரிச்சு வர வேண்டியதுதானே? மூளை வேணாம்?" சொன்னபடி கேட்டால் மூளை இல்லை. கேட்காமல் எழுந்து வந்திருந்தால் திமிர். நாற்காலியில் உட்கார்ந்து ஆணையிடுகிறவருக்கு ஒரு கருவி. தண்ணீரில் கிடப்பவருக்கு ஒன்றுமில்லை. இதை இப்படியே கடிதமாக எழுதி அவர் மேஜையில் வைக்கலாம் என்று தாள் எடுத்தேன். ஆதாரமாக இணைக்க அந்தப் பட்டியலையும் தேடி எடுத்தேன்.

என் கையெழுத்து. அளவுகோல் வைத்துப் போட்ட கட்டம். நாலு பேர். கர்னல் அதில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

கடிதம் எழுதவில்லை.

ஜூன் 18, புதன்

அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, கட்டிலும் தையல் மெஷினும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அழுது வைக்காதே. வேலையை விட எனக்கு வழியில்ல. ஆனா வெறுங்கையோட இனி குழாய்க்குள்ள போகமாட்டேன். எனக்கொண்ணு குடுங்க."

"சத்தம்…"

"ஏன், காதுல மாட்டற ஒயர் கிடையாதா? பேங்க் வாசல்ல செக்யூரிட்டி மாட்டிக்கிட்டு நிக்கறான். அவன் காதுக்குள்ள பேசறது எனக்குக் கேக்குதா?"

கொட்டகைக்குத் திரும்பிக் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் காது ஒயர், பிரிக்காத பாக்கெட்டில். பீப்பை அணைக்க அரை நாள் மெனக்கெட்டவள் இதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, பார்க்கத் தேவைப்படவில்லையா?

ஜூன் 20, வெள்ளி

ஐந்தாவது கிடையாது என்றார் கர்னல். "ஒளியறதுக்கு வேற ஆளா கிடைக்காது?"

"கிடைக்கும் சார். நாயை அவுத்துவிடவும் வேற ஆள் பாத்துக்குங்க."

மீசை துடித்தது. "அவ்வளவு அக்கறைன்னா உன்னோடதைக் குடு."

"குடுக்கறேன். ஆனா அக்கா குரல் கேக்காம வண்டி கிளம்பக் கூடாது."

"அவ சொன்னாத்தான் என் வண்டி கிளம்பணுமா?"

"ஆமா."

அடுத்த வாரம் மீட்புப் படைக்காரர்கள் நாய்களைப் பார்க்க வருகிறார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "செஞ்சு தொலை" என்றார்.

தியாகம் கியாகம் என்று எழுதாதே. பட்டியலில் நீ விட்ட ஒரு வரி. அவ்வளவுதான்.

ஜூன் 23, திங்கள்

காதில் ஒயரோடு அக்காவுக்கு முதல் நாள். புல்லட் மோப்பம் பிடித்தே கண்டுபிடித்தது. ஒரு சத்தமும் அதற்குக் கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

மீட்புப் படைக்காரர்கள் வந்தார்கள். மூன்று தேடல்; இரண்டில் ஜெயித்தோம். நான்காவதற்கு என்னை இன்னொரு நாயோடு குவாரியின் பின்பக்கம் நிற்கச் சொன்னார்கள். எதிர்மேட்டில் கொடி காட்டினால் நாயை அவிழ்க்க வேண்டும். நின்றேன். கொடி வரவில்லை. நாய் என் நிழலில் படுத்துவிட்டது. அரை மணி. முக்கால் மணி. போய்ப் பார்க்கலாமா? போன நேரம் பார்த்துக் கொடி காட்டினால்? காலை எடுக்கவே முடியவில்லை. ஏன் வெளியே வரவில்லை என்று அக்காவிடம் கேட்டவள் நான்.

பிறகு பாறை விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. அக்கா. மூச்சிரைக்க, காதில் ஒயரோடு.

"வந்தவங்க போதும்னு போயிட்டாங்க. நம்மாளுங்களும் வண்டியில ஏறியாச்சு. உனக்குச் சொல்லத்தான் வழியில்ல."

"கர்னல்?"

"கிளம்பலாம்னாரு. பட்டனை அமுக்கி, முடியாதுன்னேன். இன்னும் ஒரு ஆள் மேல நிக்குதுன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"உக்காந்து மணி பாத்துக்கிட்டிருக்காரு. நீ மெதுவாவே இறங்கு, கல்லு வழுக்குது."

கீழே வண்டி எஞ்சினை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது.