தொட்டிக்கு மேல் தூரிகை எழுத்து

16 ஜூன் 2025, திங்கள்
பெண்கள் செருப்புப் பெட்டிக்காக, ஆங்கிலத்திலும் தமிழிலும் நான் செய்த எழுத்துருவுக்குச் செருப்பு வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டி சரி சொல்லிவிட்டது. பிரஷ்ஷால் எழுதி எழுதிப் பார்த்துச் சேர்த்தது. லேசாகச் சாய்ந்து, ஒன்றின் வால் அடுத்ததைத் தொட்டபடி ஓடும். கோடு முடியும் இடத்தில் மை வற்றிய கீறல். யாரோ சந்தோஷமாக, அவசரமாக எழுதிவிட்டுப் போன மாதிரி.

மேனேஜர் வக்கார் சாருக்கு ஒரே குஷி. வெள்ளிக்கிழமை அவர்கள் ஃபேக்டரி பார்க்க வருகிறார்கள். "எல்லா போர்டும் இதே எழுத்துல மாத்திடு அம்பரீன்." கேன்டீனுக்கு, வரவேற்புக்கு, சரி. தோல் கழிவுநீர்த் தொட்டியின் எச்சரிக்கைக்குமா?

"சார், அதுக்கு இது ஒத்து வராது."

"நீ இன்னும் பர்மனென்ட் ஆவல, ஞாபகம் இருக்குதா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

செய்து கொடுத்துவிட்டேன்.

17 ஜூன்
மாட்டிவிட்டார்கள். 'விஷவாயு. உள்ளே இறங்காதே.' தள்ளி நின்றால் படிக்க வரவில்லை. புள்ளிகள் கோட்டோடு கலந்துவிட்டன.

18 ஜூன், புதன்
புதிதாக வந்த கான்ட்ராக்ட் ஆள் நவீன்குமார், அடைப்பு எடுக்கிறேன் என்று தொட்டி மூடியைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் சர்தார் பாஷா பாய் பார்த்து, சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். வாந்தி எடுத்தபடி தரையில் கிடந்தான்.

"போர்டு பாக்கலியா?" என்று பாய் கத்தினார்.

"செருப்பு விளம்பரம்னு நெனச்சேண்ணா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் அம்மா திமிரியிலிருந்து ஓடி வந்திருந்தால் இன்னா சொல்லியிருப்பேன்? அழகா இருக்குதுன்னா?

வக்கார் சார்: "ஒண்ணும் ஆவல இல்ல? விடு. விசிட் முடியட்டும்."

எப்படி விடறது?

19 ஜூன்
விடவில்லை. மஞ்சள் தகட்டில் கறுப்பில், தடித்த நேர் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. பாயும் நானும் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினோம். "வேல போய்டும்மா," என்றார். ஸ்குரூவை மட்டும் இறுக்கமாக முடுக்கினார்.

20 ஜூன், வெள்ளி
வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். தொட்டிப் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் வக்கார் சார் கூப்பிட்டார்.

"யாரக் கேட்டு மாத்தின?"

"யாரையும் கேக்கல சார்."

திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாமாம். வீட்டில் அம்மியிடம் சொல்லவில்லை. பெற்றவள், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

14 ஆகஸ்ட், வியாழன்
இப்போது நான் வேலை பார்க்கும் லாங் பஜார் அச்சகத்தில் கூட்டம். ஆவணி முகூர்த்தங்களுக்குக் கல்யாணக் கார்டு. மற்ற தொட்டிகளுக்கும் அந்த மஞ்சள் பலகையே போடச் சொல்லிவிட்டாராம் வக்கார் சார். சொன்னது நவீன்குமார், நேரில் வந்து. என்னைத் திரும்பக் கூப்பிடப் போவதில்லை, அது தெரியும்.

அவனுக்குக் கல்யாணம். கார்டில் பெயர்கள் மட்டும் பிரஷ்ஷில் எழுதின மாதிரி ஓட வேண்டுமாம். அந்த எழுத்துரு கம்பெனிக்குச் சொந்தம். கையாலேயே எழுதிவிடலாம் என்று மையைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பொண்ணு பேரு?"

"சோபனா," என்றான். அதற்குள் காது வரை சிவந்துவிட்டான்.