மத்தியானத்துப் புறா

திபேரியா,
பஸ்காவுக்கு முந்திய வாரம்

என் கண்ணே எல்காணா,

ஆண்டவன் தயவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மெல்போர்னில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய, உன் தட்டையா எட்டிப் பார்க்க முடியும். அப்பாவின் நெஞ்சில் போட்ட தையல் நன்றாக ஆறிவிட்டது. மாத்திரையைத்தான் மறந்துபோகிறார், தோரா வேதத்தின் கட்டளைகளை மட்டும் ஒன்று விடுவதில்லை. கேட்டால், "மாத்திரை உடம்புக்கு, ஸிம்ஹா. உள்ள இருக்கறவனுக்கு யாரு சோறு போடறது?" என்கிறார். உள்ளே இருப்பவனுக்கு இப்போதெல்லாம் நல்ல பசி, போ.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பால்கனியில் ஏசி பெட்டிக்கு மேலே ஒரு புறா கூடு கட்டி முட்டையிட்டிருக்கிறது. பஸ்காவுக்குச் சுத்தம் செய்யத் துடைப்பத்தோடு போன நான்தான் முதலில் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டித் தொலைத்தேன். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் தாய்ப்பறவையை முதலில் பறக்கவிடு, பிறகு முட்டையை எடு, உன் ஆயுசு நீளும் என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அது மட்டும் அவருக்கு இதுவரை வாய்த்ததே இல்லையாம். "நான் தேடிப் போகல ஸிம்ஹா, கூடே என்னைத் தேடி வந்திருக்கு, ஆயுசு கொடுக்க வந்திருக்கு" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில், பயமில்லை என்று டாக்டர் சொன்னதை இவர் நம்பவே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூடு நம்முடைய உடைமையாக இருக்கக்கூடாதாம். அதனால் ஜெப ஆலயத்திலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்து, இந்தப் பால்கனி இனி யாருக்கும் சொந்தமில்லை என்று அவர்கள் முன்னால் அறிவித்தார். அப்படியானால் இதைப் பெருக்குவது யார் என்று கேட்டேன், நாலு பேரும் கூரையைப் பார்த்தார்கள். நல்ல மத்தியான வெயிலில் ஏணியில் ஏறினார், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த வேதத்துச் சங்கீதமெல்லாம் முணுமுணுத்தேன். "போம்மா, போயிட்டு வா தாயே" என்று கையை வீசினார், புறா பறந்தது, முட்டைகளைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்ப வைத்தார். அப்புறம் ஒரே பாட்டு, அராக் சாராயம், கைதட்டல். அன்றைக்கு கூஸ்கூஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றுதான், எனக்குப் புறாவைக் கும்பிடலாம் போலிருந்தது, ஆண்டவன் மன்னிக்கட்டும்.

பாட்டுச் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தாள் மாடிவீட்டு மெராவ், பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறாளே அவள்தான், ஓய்வுநாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றாதவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மத்தியானமா? அப்ப ஆம்பளப் புறாதானே அடைகாக்கும் மாமா! பொம்பள சாயங்காலம்தான் வந்து மாத்திவிடுவா" என்றாள். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ நான் தகப்பனையா துரத்தினேன்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன் எல்காணா, அடக்க முடியவில்லை. அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார், ராத்திரி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் திரும்பவும் ஏறினார். இந்த முறை அம்மாக்காரி. போ என்றார், கெஞ்சினார், ரொட்டித்துண்டு காட்டினார், கடைசியில் விரலை நீட்டினார், நறுக்கென்று கொத்தினாளே தவிர அசையவில்லை. "நகரமாட்டேங்கறாடி, அப்படியே நீதான்" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார், பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவ இருக்கட்டும், நமக்கு இருக்கிற ஆயுசு போதும் என்றார். நான் சும்மா இருப்பேனா, இதே ஆயுசைத் தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளைக்கும்தானே சொல்லியிருக்கிறது, அதற்கு ஏணிகூட வேண்டாமே என்றேன். கொத்துப்பட்ட விரலைத் தடவிக்கொண்டார். அப்புறம், "அது பையன் செய்ய வேண்டியது. ஆயுசும் அவனுக்குத்தான். நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நீ எப்போதும் இங்கே காலை நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுகிறாய், அவர் ஜெபத்துக்குப் போயிருப்பார் என்று தெரிந்து. ஜெபத்துக்குக் கையில் தெஃபிலின் பட்டை கட்டினாயா என்று கேட்பார் என்று உனக்குப் பயம், எனக்குத் தெரியாதா. கேட்கத்தான் கேட்பார், கேட்டுவிட்டுப் போகட்டும், நீ ஏதாவது உளறு, உன் குரல் போதும் அவருக்கு. இப்போது அவர் பால்கனியை விட்டு வருவதில்லை, நாற்காலியையும் போனையும் அங்கேயே போட்டுக்கொண்டார், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் என்னைப் பெருக்கவும் விடுவதில்லை.

ஆண்டவர் உன்னைக் காத்து, தம் முகத்தை உன்மேல் பிரகாசிக்கப் பண்ணட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். மறக்காமல் இங்கே மத்தியானம் ஆகும்போது கூப்பிடு. அந்த நேரத்தில் கூட்டில் அப்பாதான் இருப்பார்.

உன் வரவுக்கும் குரலுக்கும் ஏங்கும்,
அம்மா ஸிம்ஹா