பிரசவ அறைக்கு வெளியே நின்றவன்

நேற்று நம் மகன் பிரசவ அறையிலிருந்து வெளியே வந்ததும் மணிக்கட்டைக் காட்டிச் சிரித்தான். வரிசையாக நகக்குறிகள், ஒன்றில் இரத்தம் கசிந்திருந்தது. "உங்க மருமக புடிச்ச புடிப்புப்பா" என்றான். வலி தொடங்கியதிலிருந்து அவள் தலைமாட்டிலேயே நின்றானாம். இப்போதெல்லாம் கணவனை உள்ளே விடுகிறார்கள். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் எல்லாரும் கைப்பேசியும் கையுமாக இருக்க, நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமைதான், வேறென்ன. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்படும் கிழவனைப் பாருங்கள் என்று நீ இருந்திருந்தால் கேலி செய்திருப்பாய்.

அவனை நீ பெற்ற கதை வேறு. எண்பதுகளின் தொடக்கம். புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நமக்குத் தொழிலாளர் லயத்து வீடு. காலையில் உனக்கு வலி கண்டதும் தோட்டத்து மருந்தக டிரஸர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "தலப்புள்ள, இங்க வேணாம்லா. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் முன்சீட்டில் உன்னை உட்கார வைத்து, நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு குழிக்கும் டிரைவரைத் திட்டினேன். நீ திரும்பிப் பார்த்து, பேசாமல் வாருங்கள் என்று கையைக் காட்டினாய்.

ஆஸ்பத்திரியில் உன்னை மட்டும் உள்ளே கொண்டுபோனார்கள். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா என்னைத் தடுத்துவிட்டான். பெற்ற தாய் வந்திருந்தாலும் அதே கதிதான், யாரையும் விடமாட்டார்கள். ஆனால் அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவதெல்லாம் வெளியே கேட்கும்.

"உன் புருஷன் பேர் என்ன?" என்று நர்ஸ் மிஸி மலாயில் கேட்டாள். உனக்கு மலாய் தெரியாதா என்ன, மீன்காரனிடம் பேரம் பேசி அவனை அழ வைக்கிறவள். ஆனால் கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று உன்னை வளர்த்திருந்தார்கள். "ஏங்க" என்பதைத் தவிர நீ என்னை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. யாராவது என் பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்ல வைப்பாய். அங்கே உனக்காகச் சொல்ல யார் இருக்கிறார்கள்? மிஸியின் குரல் ஏறியது. "புருஷன்னு ஒருத்தன் இருக்கானா இல்லையா?"

"நான்தான் மிஸி, இங்கதான் இருக்கேன்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். ஜாகா என் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

அப்புறம் உன் வலி முற்றியது. "பெத்துக்க மட்டும் ஆசையா இருந்துச்சா, இப்ப ஏன் கத்துற?" என்று அதட்டல். தொடையில் அறையும் சத்தம். மிஸியை மட்டும் குறை சொல்லி என்ன, அங்கே பிரசவத்துக்கு வந்த அத்தனை பெண்களுக்கும் அவள் ஒருத்திதான். ஆனாலும் அந்த அடியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்போதுதான் அடிவயிற்றிலிருந்து உன் குரல் கேட்டது. "முத்தையா!"

ஓடினேன். ஜாகா குறுக்கே நின்றான். அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன், கெஞ்சினேன். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதது.

பிறகு லயத்துக்கு வந்த கிளினிக் மிஸி, ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்களா என்று உன்னைக் கேட்டார். "பாகுஸ் மிஸி, ரொம்ப நல்லா பாத்தாங்க" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனதும் சண்டை பிடித்தேன். "புள்ளயும் நானும் உசுரோட வந்துட்டோம். அதுக்கு மேல என்ன கேக்கறது? அடுத்த புள்ளைக்கும் அங்கதான போவணும்" என்றாய். 

என் பெயரைச் சொன்னாயே என்று எப்போது கேட்டாலும், "நானா? போங்க" என்று மழுப்பிவிடுவாய். மிஸிக்குப் பயந்து சொல்லியிருப்பாய் என்றே நானும் நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் உன் கடைசிப் படுக்கை. பார்வையாளர் நேரம் முடிந்து நான் எழுந்தபோது, கையைப் பிடித்துக்கொண்டு நீயாகவே சொன்னாய்: "அன்னிக்கு மிஸிக்காகச் சொல்லலீங்க. நீங்க வந்துருவீங்கன்னுதான் கூப்புட்டேன்."

நான் பதில் சொல்வதற்குள் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் நான் வந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது; பிறகு திரும்பவேயில்லை.

இப்போது வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சத்தமாகவே சொல்கிறேன்: "இதோ வந்துட்டேன்."