வேலை செய்வோர்: யாருமில்லை

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் பேத்தியும் நன்றாக இருங்கள்.

குப்பை பிரிக்கும் கொட்டகைக் கதவில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். பதினைந்தாம் தேதி பூட்டாம். பசுமைத் திட்டத்துக்காக அரசாங்கம் எடுத்துக்கொள்கிறதாம். எடுக்கட்டும், தனியார் முதலாளியிடம் பட்டது போதும். ஆனால் அதில் ‘வேலை செய்வோர்: யாருமில்லை’ என்று இருக்கிறதே! இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கீழே உன் கையெழுத்து.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று நீயும் ஜீப்பில் வந்தாய். பெரியவர்கள் வருகிறார்களே என்று நாங்கள் முப்பத்தொரு பேரும் முந்தின நாளே கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் எல்லாம் பிரித்து அனுப்பிவிட்டு, தரையைக் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வெளியே நின்றோம். அதுதான் நாங்கள் செய்த மடத்தனம்.

“யாரு இவங்கல்லாம்?” என்றார் உன் மேலதிகாரி.

“வேடிக்கை பாக்க வந்திருப்பாங்க சார்” என்றான் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். இடமிருந்து மூன்றாவதாக நின்றாய், கையில் பச்சைக் கோப்பு. எனக்கு எதுவும் மறக்காது.

எங்கள் பெயர்களைச் சேர்த்துவிடு, தாயே. வேறு போக்கிடம் இல்லை.

உன் அம்மா

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

இடமும் இயந்திரமும் அரசின் கையில் இருந்தால்தான் திட்டம் நிலைக்கும் என்கிறது மேலிடம். அங்கே பிழைப்பவர்களையும் சேர்க்க விதி இருக்கிறது, அம்மா. நானே சண்டை போட்டுச் சேர்த்த விதி. ஆனால் பார்வையிட்ட நாளில் வேலையில் இருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். இப்போது மாற்றச் சொன்னால், அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பார்கள். என்ன சொல்வேன்? என் அம்மா தையல்காரி என்றுதான் அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ மட்டும் இங்கே வந்துவிடு. “பாட்டி எப்பம்மா வருவாங்க?” என்று உன் பேத்தி உயிரை எடுக்கிறாள்.

உன் மகள்

ஜூன் 12

மகளுக்கு,

தையல்காரி! எனக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூட வராதடி.

நான் மட்டும் வந்துவிட்டால் மற்ற முப்பது பேர்? ஏழு வயதில் நீ காய்ச்சலில் கிடந்தபோது குள்ளச்சிதான் என் பங்கையும் சேர்த்துப் பிரித்தாள். பத்தொன்பது நாள். நீ மறந்திருப்பாய்.

பூட்ட வருவது உன் மேலதிகாரியும் நீயும்தானாமே. அதற்கு முன்பே நாங்கள் உள்ளே போய்விடுவோம். மூன்று லாரிக் குப்பை கொட்டச் சொல்லியிருக்கிறோம். முழங்கை வரை அழுக்கோடு பிரித்துக்கொண்டிருப்போம். கண் இருந்தால் பார்க்கட்டும். இல்லையென்றால் எங்களையும் உள்ளே வைத்துப் பூட்டட்டும்.

நீ பின்னால் நின்றுகொள். என்னைத் தெரிந்தமாதிரி காட்ட வேண்டாம். பிள்ளைகள் உண்டா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். உன் வேலை போய்விடக் கூடாதே என்று சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்.

பாதி அதற்காகத்தான்.

இப்படிக்கு,
கொட்டகை வேலைக்காரி