எதை உறைய வைக்கிறாய் என்று எழுதவில்லை

அருகன் துணை

திருவண்ணாமலை
12-8-1986

அன்பு மகள் சுனந்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அருகன் அருளால் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்தப் பிரான்சு தேசத்தில் நன்றாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது, ஆனால் உன் கடிதம் சொல்வதையெல்லாம் நான் இப்போது அப்படியே நம்புவதில்லை, ஏன் என்று பின்னால் எழுதுகிறேன். பருப்புப் பொடி வந்து சேர்ந்ததா, எடை கம்மியாக இருந்தால் எழுது, தபாலாபீசில் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். கீழ்பென்னாத்தூர் நிலத்தில் மல்லாட்டை போட்டிருக்கிறது, மழை இல்லை. பால்காரர் இருசப்பன் பாலில் தண்ணீர் ஊற்றுகிறார், கேட்டால் மாடு மழையில் நனைந்துவிட்டது என்கிறார், எந்த ஊர் மழையோ. ஆடிப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டம் இந்தத் தடவை ஜாஸ்தி, நம் வாசல் குழாயில் யாரோ தண்ணீர் பிடித்துவிட்டுத் திறந்தபடி போய்விட்டார்கள்.

நீ அங்கே செய்கிற ஆராய்ச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். சூடான கரைசலில் நூல் நூலாக மூலக்கூறுகள் தனித்தனியே அலைந்துகொண்டிருக்கும், ஆற ஆற இங்கே நாலு அங்கே பத்து என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், அதுவரைக்கும் பாத்திரத்தைச் சாய்த்தால் தண்ணீராகத்தான் ஓடும், ஒரு கட்டத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே வலையாகிவிடும், அப்புறம் கவிழ்த்தாலும் விழாது என்று. மலையில் கோடையில் புல் பற்றுவதற்கும் அதே கணக்குதான், புல் நெருக்கம் கம்மியாக இருந்தால் தீ பாதியில் நிற்கும், ஒரு அளவைத் தாண்டினால் மலை முழுக்கப் போகும் என்றும் எழுதினாய். சித்திரையில் தீ பாதி மலையில் நின்றபோது உன் அப்பா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், என்னவோ தானே போய் அணைத்த மாதிரி. எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பாத்திரத்தில் எந்தப் பொருளை உறைய வைக்கிறாய் என்று மூன்று கடிதத்தில் கேட்டேன், மூன்றுக்கும் பதில் இல்லை. குழம்புக்குப் பக்குவம் சொல்கிறவள் உப்பு புளியெல்லாம் சொல்லிவிட்டுக் காயை மட்டும் சொல்லாமல் விட்டால் கேட்கிறவளுக்குச் சந்தேகம் வராதா?

போன மாதம் நீ அனுப்பிய போட்டோவில் உனக்குப் பின்னால் அலமாரியில் ஒரு பெரிய டப்பா இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவைப் படிக்கச் சொன்னேன். ஜெலட்டின் என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன், போட்டோ பிலிமுக்குப் பூசுவது என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன், அவர் எப்போது பேப்பர் படிக்கிறார், எப்போது பேப்பருக்குப் பின்னால் ஒளிகிறார் என்று எனக்குத் தெரியாதா. மறுநாள் காலையில் தேரடித் தெருவில் நம் வர்த்தமானனின் மருந்துக் கடைக்குப் போய் நின்றேன். அக்கா பெற்ற பிள்ளையாயிற்றே, என்னிடம் அவனுக்கு வாய் நிற்காது. சுனந்தா எல்லாவற்றையும் எனக்கு எழுதிவிட்டாள், நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று ஒரு பொய்யைப் போட்டேன். பொய் பாவம்தான், அதை என் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கறது சித்தி. நீங்க காசத்துக்கு சாப்பிடறீங்களே செவப்பு மாத்திரை, அதோட கூடும் அதுலதான் செய்றாங்க. பொங்கலுக்கு வந்தப்பவே சுனந்தா சொல்லிட்டா, ஒம்போது மாச மாத்திரை முடியற வரைக்கும் உங்க காதுல போடக் கூடாதுன்னு."

துணியில் வடிகட்டாமல் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை, பொழுது சாய்ந்து அன்னம் தொட்டதில்லை, கிழங்கு இந்த வீட்டு அடுப்பில் ஏறியதில்லை. அப்படிப்பட்ட நான் எட்டு மாதமாகத் தினம் காலையில் எலும்பை விழுங்கியிருக்கிறேன், அதுவும் மாத்திரையை ஒரு நாளும் விடாதே அம்மா என்று நீ கடிதத்துக்குக் கடிதம் எழுத எழுத. கோபத்தில் பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை. என் நியாயம் ஒன்றுக்குப் பதில் சொல். உறைகிற அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் பொருள் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், அதுதான் இந்த ஆராய்ச்சியின் அழகு என்று நீதானே எழுதினாய். எதுவாக இருந்தாலும் ஒன்றென்றால் எலும்பு எதற்கு? பாய் கடையில் கடல்பாசி விற்கிறார்கள், அதுவும்தான் காய்ச்சி ஆறினால் உறைகிறது, அதை வைத்து உன் கணக்கைப் போடேன். உன் கணக்குக்கு எல்லாம் ஒன்று, அந்த மாட்டுக்கு ஒன்றா? இதை உன் புரொபசரிடம் கேள், அவர் சொல்வதை மறைக்காமல் எழுது.

மாத்திரையை நிறுத்திவிட்டேனோ என்று பயந்துகொண்டே இதைப் படிப்பாய். நிறுத்தவில்லை. டாக்டரிடம் போனேன், முதலில் முறைத்தார், அப்புறம் கூட்டைப் பிரித்து உள்ளே இருக்கிற மருந்தை மட்டும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம், ஒரு துளி மிச்சம் வைக்கக் கூடாது என்றார். அப்படியே செய்கிறேன், டம்ளரெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது, அந்த ருசியைச் சொல்லி மாளாது. கூட்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை, எந்த ஜீவனோ என்னவோ, கொல்லையில் வைத்து மண் தள்ளி மூடுகிறேன். உன் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கிக்கொள்கிறார்.

ஆவணி கழிகிற சமயத்தில் என் அனந்த நோன்பு பதினாலாம் வருஷம் நிறைகிறது. பட்டினி முடிந்து மறுநாள் பாரணைக்கு முதல் வாய்த் தண்ணீரை நீ கொடுக்க வேண்டும் என்றுதானே லீவு போட்டு வரச் சொன்னேன். எலும்பைத் தொட்ட கையில் வாங்குவதா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் பிழைக்க வேண்டும் என்றுதான் நீ வாயை மூடிக்கொண்டாய், அது புரிகிறது, புரிந்தாலும் ஆறவில்லை. உனக்கு அம்மாவின் உயிர் பெரிதாக இருந்தது, அம்மாவுக்கு எது பெரிது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாத்திரை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அனந்தநாதர் அருளால் உடம்புக்கு ஒன்றும் வராமல் தீர்க்காயுசாக இரு. பம்பாயில் இறங்கினதும் தந்தி கொடு, ரயிலில் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போகாதே. வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து, "ஆமாம்மா, எலும்புதான், தெரிஞ்சேதான் சாப்பிடச் சொன்னேன்"னு உன் வாயால் சொல். சொல்லிவிட்டு அந்தக் கையாலேயே தண்ணீர் கொடு, குடிக்கிறேன். சொல்லாமல் கொடுத்தால் குடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபமாக இருக்கிற உன் அம்மா,
ச. கனகலதா