மூன்று வாரப் பக்கங்களும் உன் படைத்தலைவனும்

இன்று பேக்கிங் பிரிவில் ஒரு மோட்டார் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். போனேன். டேப் தீர்ந்துபோனதால் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட மைதாப் பசை காய்ச்சி வைத்திருந்தார்கள், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நான் வெளியே வந்தது இந்த மில்லில் இதுதான் முதல் தடவை. ஹெல்பர் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருசமாகிறது. மனைவிக்கு எழுதுகிறவர்கள் அழகாக எதையாவது எழுதுவார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பழைய பொறாமை இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் நமக்கு நிச்சயம் முடிந்து, முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தபோது நீ கூடத்தில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாய். முன்னால் வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டிய பக்கங்கள், அடுக்கடுக்காக. சரித்திரத் தொடர்கதை. உங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு பத்திரிகை வாங்குவீர்கள். வீட்டுக்கு ஒரு நாள். கடைசி வீட்டுக்குத்தான் பக்கங்கள் சொந்தம் என்பது உங்களுக்குள் சட்டம். அதனால் நீயே கேட்டுக் கடைசி ஆளாகியிருந்தாய். மூன்றாவது வீட்டு பல்கீஸ் அக்கா, முந்தின நாளே படித்துவிட்டு, உன் வாசலில் வந்து நின்று, கதையைச் சொல்லட்டுமா என்று மிரட்டுவார். நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாய். வாயால் கேட்டால் அது கதையே இல்லை என்பாய்.

நான் வந்தேன், உட்கார்ந்தேன், காபி குடித்தேன். அவ்வளவு நேரமும் நீ அவனைப் பற்றித்தான் பேசினாய். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன், கை வரவில்லை. கோட்டைக் காவலுக்கு நின்ற படைத்தலைவன், எதிரியைக் கண்டதும் உயிருக்குப் பயந்து ஓடிவிடுகிறான். அவனை விரும்பிய பாளையக்காரன் மகள் அவனுக்கும் மேல். அவனுக்கு வந்த எச்சரிக்கைச் செய்தியை, வேறு எவளோ எழுதியது என்று நினைத்து, பிரிக்காமலே ஒளித்து வைத்துவிடுகிறாள். இரண்டு பேர் செய்ததும் சேர்ந்ததில் மலையடிவாரத்தில் ஒரு ஊர் எரிந்துபோகிறது.

“ஓடிப்போனவனையா இப்படிக் கொண்டாடுற?” என்று கேட்டேன். “எங்க மில்லுல ஷிப்ட விட்டு ஓடுனா மெமோ குடுப்பாங்க.”

“மெமோ வாங்குனவன்தான் கதையில வர முடியும்,” என்றாய். “உங்கள வச்சு அரைப் பக்கம்கூட எழுத முடியாது.”

உன் அம்மா அடுப்படியிலிருந்து, பீடி கிடையாது, சீட்டு கிடையாது, தங்கமான பிள்ளை என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள். நீ தலையைத் தூக்காமல், “ஆமா, தங்கந்தான்,” என்றாய். அடுத்த பக்கத்துக்குப் பசை தடவினாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பாலிடெக்னிக்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கோளாறைக் கண்டுபிடி, எடு, மிஷினை ஓட்டு. கோளாறுள்ள ஆளுக்காக ஒரு பெண் பசை காய்ச்சுவது எனக்குப் புரியவே இல்லை. எதிரில் இருந்தால் ஒரு கை பார்க்கலாம். காகிதத்தில் இருக்கிறவனை என்ன செய்வது?

செய்வதற்கும் ஒரு வழி கிடைத்தது. உனக்கு மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி வைத்தியத்துக்கு நத்தத்தில் உன் சித்தி வீட்டில் ஐந்து வாரம் கிடந்தாய். பத்திரிகையை பல்கீஸ் அக்காவிடம் வாங்கி, பக்கங்களை வெட்டி, பைண்டு பண்ணி வைக்கும்படி என்னிடம்தான் சொல்லி அனுப்பினாய். கட்டிக்கப் போகிறவனுக்கு நீ கொடுத்த முதல் வேலை. ஷிப்ட் முடிந்து போய் வாங்கிவருவேன். கேன்டீனில் வைத்துப் படித்தேன். படிக்கவே கூடாது என்றுதான் இருந்தேன்.

இரண்டாவது வாரத்தில் அவன் திரும்பி வர ஆரம்பித்தான். மூன்று வாரம் வந்தான். வாளைக் கழற்றி வைத்துவிட்டு எரிந்த ஊருக்குள் நடந்து, சனங்களுக்கு முன்னால் நின்று, தான் ஓடியதையும் சொல்லி, அவள் செய்ததையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். இதைப் படித்தால் நீ அழுவாய் என்று தெரிந்தது. எனக்காக நீ அழுததே இல்லை. அந்த மூன்று வாரத்தையும் தனியாக எடுத்து, மில் டிராயரில் ஒரு சர்க்யூட் படத்துக்கு அடியில் வைத்தேன். மீதியைப் பைண்டு செய்தேன். பைண்டிங் பிரமாதமாக வந்தது.

நம் வேதக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. முதல் ஞாயிறு வாசித்தார்கள். அன்று சாயங்காலம்தான் நத்தத்திலிருந்து திரும்பியிருந்த உன்னிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டிவிட்டு, மூன்று அத்தியாயம் எங்கே என்று கேட்டாய். பல்கீஸ் அக்கா பின்பக்கத்துச் சமையல் குறிப்புக்காக வெட்டி எடுத்துவிட்டார் போல, எனக்கு வரும்போதே இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை, அப்படியே வாயில் வந்தது.

நீ நம்பினாய். அதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

பல்கீஸ் அக்கா வந்து, நான் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்ததையும், நீ வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் உன் அம்மா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் அவர் பத்திரிகையிலிருந்து விலகிக்கொண்டார். எத்தனையோ வருசமாகக் கைமாறி வந்தது, மூன்று வீடாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நீயே வந்து என்னிடம் பேசினாய். படைத்தலைவன் திரும்பி வந்துவிட்டான் என்பது மிச்சப் பக்கங்களிலேயே உனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி வந்தான், என்ன சொன்னான் என்பதுதான் இல்லை. “பரவால்ல, அந்த மூணு வாரத்த நானே மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டேன்,” என்றாய். முகம் அப்படி மலர்ந்திருந்தது, காமாலை வந்து எழுந்த முகம் மாதிரியே இல்லை. நான் பக்கத்தைத்தான் எடுத்திருந்தேன். அந்த இடத்தில் நீ அவனை இன்னும் பெரிய ஆளாக்கி வைத்திருந்தாய்.

மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள், ஷிப்ட் உடையோடு உன் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களை நீட்டினேன். உன் ஆள் செய்தது இவ்வளவுதான், பார்த்துக்கொள் என்ற எண்ணம்தான் பாதி. மீதி, மறுநாள் சாமியார் தடை பற்றி வாசிக்கும்போது உட்கார்ந்திருக்க முடியாது என்பது. நீ மூன்று அத்தியாயத்தையும் நின்றுகொண்டே படித்தாய். அழவில்லை.

“இதுல ரொம்பப் பேசுறான்,” என்றாய். “எனக்குள்ள வந்தவன் இம்புட்டுப் பேசல.” பிறகு மடித்து வைத்துவிட்டு, “எதுக்கு எடுத்தீங்க?”

“பொறாமை.”

“இவன் மேலயா?”

“தெரிஞ்சுக்கிட்டே கேக்காத.”

நீ சிரிக்கவில்லை. அவள் செய்தியை ஒளித்தாள், நீங்கள் பக்கத்தை ஒளித்தீர்கள், எரிந்தது மட்டும் அடுத்தவர் வீடு என்றாய். அப்புறம்தான் சொன்னாய்: “மொதல்ல பல்கீஸ் அக்காகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. நாளைக்கு ஓலை வாசிக்கிறதா வேணாமான்னு அதுக்குப் பெறகு நான் சொல்றேன்.”

இரண்டு வீடு தள்ளித்தான். அவ்வளவு தூரம் நான் அதற்குப் பிறகு நடந்ததில்லை. பல்கீஸ் அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தோல் மண்டியிலிருந்து வந்த அவர் வீட்டுக்காரரும் மாமியாரும் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். முறம் நின்றது.

“அந்தப் புள்ள பத்து நாளா எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல, தம்பி,” என்றார். “உங்களுக்கு அது வெறும் தாளு.”

உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மாமியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது நீ படியில் உட்கார்ந்திருந்தாய். சொல்லிவிட்டேன், உட்காரச் சொல்லவில்லை என்றேன். நல்லது என்றாய். பிறகு, “உங்ககிட்ட மன்னிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையேன்னு எனக்குப் பயமா இருந்துச்சு,” என்றாய். “காலம் பூரா நீங்க மட்டும் என்னைய மன்னிச்சுக்கிட்டே இருந்தா, அந்த வீட்டுல நான் எப்படி இருக்கிறது?”

மறுநாள் ஓலை வாசித்தார்கள். தடை பற்றிய வரி வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து நீ திரும்பி என்னைப் பார்த்தாய், ஒரு தடவைதான். பல்கீஸ் அக்கா கல்யாணத்துக்கு வந்தார். என்னிடம் பேச ஆறு மாதமானது.

அதோடு என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். ஒன்பது வருசம் உன் நாவல்களோடு குடித்தனம் நடத்தினேன். பொய் சொல்லும் ராணி, குடிக்கிற இளவரசன், தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூங்க முடியாத அண்ணன். ஒரு யோக்கியனைக்கூட உனக்குப் பிடித்ததில்லை. நீயும் லேசுப்பட்ட ஆளில்லை. கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டாய். நான்காம் நாள் தட்டில் சோறும் பொரியலும் வைத்துவிட்டு, “வெஞ்சனம் போதுமா?” என்பாய். உன் அகராதியில் அதுதான் மன்னிப்பு. போதும் என்பேன். என் அகராதியில் அதுதான்.

ஆஸ்பத்திரியில், காய்ச்சல் இறங்கவே இறங்காத அந்த வாரம், அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாய். கண்ணைத் திறந்து படிக்க முடியவில்லை, என்னைப் படிக்கச் சொன்னாய். மத்தியானம் பூராவும் படித்தேன். மிஷின் மேனுவல் படிக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்துவிட்டார்கள். அந்த மூன்று அத்தியாயத்தை நீ கடைசிவரை ஒட்டவே இல்லை, மடித்துத்தான் செருகி வைத்திருந்தாய். அந்த இடம் வந்ததும் பிரித்து, தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

“அத விடுங்க,” என்றாய். “அது எனக்குத் தெரியும்.”

கண்ணை மூடிக்கொண்டாய். நான் காகிதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உன் உதடு லேசாக அசைந்தது. நடுவில் ஒரு தடவை சிரித்தாய். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பாட்டிலில் மருந்து பாதி இறங்கியிருந்தது. பிறகு, “ம், அடுத்த அத்தியாயம்,” என்றாய். படித்தேன்.

உனக்குள் அவன் எப்படித் திரும்பி வந்தான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவனை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒன்பது வருசம் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றுகூட நினைக்கவில்லை.

இப்போது நானே அதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். மில்லிலிருந்து வண்டியில் வரும் வழியெல்லாம் அவனை அந்த ஊருக்குள் விதவிதமாக நடக்கவிடுகிறேன். குதிரையோடு, குதிரையில்லாமல், மழையில், வெயிலில். அதிகம் பேச மாட்டான் என்பது மட்டும் தெரியும், நீ சொல்லியிருக்கிறாய். ஆனால் அவன் எதையோ செய்திருக்கிறான், அன்று கட்டிலில் கிடந்த உன்னைச் சிரிக்க வைக்கிற மாதிரி. அது என்னவென்று அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.