வாசலுக்கு மாங்கொத்து

கம்பைநல்லூர்
19.5.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி மாதவராஜ் எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். காவியா கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது. முகூர்த்தம் எட்டாம் தேதி, ஞாயிறு காலை. நம் வாசல் தோரணத்துக்கும் முகூர்த்தக்காலுக்கும் உங்கள் வீட்டுச் செந்தூரா மாங்கொத்துதான் வேண்டும். மாமா தன் கையால் நட்ட ராசியான மரம். ஓமத்துக்குக் காய்ந்த மாங்குச்சியும் கொஞ்சம் கட்டி வையுங்கள். சனிக்கிழமை வேன் அனுப்புகிறேன்.

இன்னொன்று, தவறாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் பழைய பழக்கம் பார்ப்பவர்கள். மாமாவும் இல்லை. நீங்கள் முகூர்த்தம் முடிந்ததும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதும்.

அன்புத் தம்பி,
மாதவராஜ்


பென்னாகரம்
23.5.2025

தம்பி மாதவராஜுக்கு,

தினமும் போனில் பேசுகிறவன் இதை மட்டும் தபாலில் அனுப்பியிருக்கிறாய். வாயால் சொல்ல உனக்கே கூசியிருக்கிறது.

என் மரத்து இலை உன் வாசலில் தொங்கலாம், நான் நிற்கக் கூடாது, அப்படித்தானே? உன் மாமாவை எரித்தபோது அடுக்கியதும் மாங்கட்டைதான். அதே மாங்குச்சியை ஓமத்தில் போட உனக்குத் தயக்கமில்லை. மரத்துக்கு ஒட்டாத தீட்டு எனக்கு மட்டும் எப்படியடா ஒட்டியது?

காவியா கைக்குழந்தையாக வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தபோது மாங்கொட்டைப் பருப்பை மோரில் அரைத்து ஊட்டியது யார்? அன்றைக்கும் நான் தாலி இறக்கியவள்தான், உன் பெண்டாட்டி சகுனம் பார்க்கவில்லை. "அண்ணி, நீங்கதாங்க கொழந்தைய காப்பாத்தணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கல்யாணப் பந்திக்கென்று வடுமாங்காய் ஊறப்போட்டிருக்கிறேன். ஜாடியோடு தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம் வருகிறது.

உன் அக்கா,
ராணியம்மாள்


கம்பைநல்லூர்
28.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தில் எழுதிவிட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாமே பார்த்து நடந்துகொள்வோம் என்றுதான் எழுதினேன். மரமும் மனுஷியும் ஒன்றா? அது மாமாவின் கைராசி, நீங்கள் சுமங்கலியாக இருந்தபோது தண்ணீர் ஊற்றி வளர்த்தது. நான் புதுவீடு குடிபோனபோதும் அந்த இலைதான் கட்டினோம். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. பெண் கல்யாணத்தில் என்னைச் சோதிக்காதீர்கள்.

மாதவராஜ்


பென்னாகரம்
2.6.2025

தம்பிக்கு,

ஆக, யாரும் கேட்கவில்லை. நீயாகவே என்னை ஒதுக்கினாய்.

நன்றாகக் கேட்டுக்கொள். உன் மாமா நட்ட கன்றைக் கரையான் அரித்துவிட்டது. அவர் இறந்த வருஷமே அதுவும் பட்டுப்போனது. அதே குழியில் வேறு ஒட்டுக்கன்று வாங்கி நட்டவள் நான், தாலி இறக்கிய பிறகு. நீ ராசி ராசி என்று கொண்டாடுவது இந்தக் கையைத்தான். உன் புதுவீட்டு வாசலில் தொங்கியதும் இந்தக் கை வளர்த்த இலைதான். குறையில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நேற்று காவியா பஸ் பிடித்து வந்து நின்றாள். கல்யாணப் பெண் வெயிலில் அலையலாமா என்று திட்டிவிட்டு, உன் இரண்டு கடிதத்தையும் கையில் கொடுத்தேன். படித்தவள், "அத்தே, தோரணத்த நீங்க வந்து கட்டுங்க. இல்லன்னா நம்ம வூட்டு வாசல்ல இலையே வேணாங்க" என்றாள். அங்கேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அந்தப் பையன், "அத்தைய நானே வந்து கூட்டியாரட்டுங்களா?" என்கிறான்.

அவன் வர வேண்டாம். சனிக்கிழமை உன் வேனில் கொத்தோடும் வடுமாங்காய் ஜாடியோடும் நானே ஏறுகிறேன். தோரணம் நான்தான் கட்டுவேன். முகூர்த்தத்தில் முன்வரிசையில் உட்காருவேன். என்னை அங்கே பார்க்க உனக்குச் சங்கடமாக இருந்தால், நீ முகூர்த்தம் முடிந்ததும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதும்.

உன் அக்கா,
ராணியம்மாள்